முழங்கால் உயரத்தில் ஒரு சன்னல்

பெருமாள்புரம்,
பாளையங்கோட்டை.
மே 12.

அன்புள்ள ஞானப்பிரகாசம் அவர்களுக்கு, பக்கத்து வீட்டு அப்பாத்துரை எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் வீட்டுக்காரி ஜெபகனியும் சுகம். உம்ம வீடும் சுகம். அங்கே கனடாவில் நீரும், மகள் ஃபெமினாவும், மருமகன் கெவினும் சுகமாயிருக்க நான் நேரே ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீர் வழக்கம்போல மாதா வழியாகவும் அந்தோணியார் வழியாகவும் சுற்றிப்போய்க் கேட்டுக்கொள்ளும். எந்த மனு முந்திப் போகிறதென்று பார்ப்போம்.

போன் இருக்கும்போது இவனுக்கு என்ன கடிதம் என்று நினைப்பீர். போனில் நாம் எங்கே பேசுகிறோம்? தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓட்டிக் காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர் நீர். நான் ஒன்று சொன்னால் ஃபெமினா அதைச் சுருக்கி உம்ம காதில் கத்துகிறாள். அன்றைக்கு உம்ம முருங்கைமரம் காற்றில் சாய்ந்துவிட்டது, பாதி மரம் என் பக்கம் கிடக்கிறது என்று விவரமாகச் சொன்னேன். அவள் உம்மிடம், மாமா நல்லா இருக்காங்களாம் என்றாள். இப்போது சொல்லப் போகிற விஷயத்தை அப்படிச் சுருக்கினால் எனக்கு ஆகாது. ஜேசுதாசன் சாரின் மகன் இந்த வாரம் டொராண்டோவுக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதையும், கொஞ்சம் உடன்குடிக் கருப்பட்டியும் கொடுத்தனுப்புகிறேன். கருப்பட்டியைச் சர்க்கரை டாக்டருக்குத் தெரியாமல் தின்னும். கடிதத்தைக் கண்ணாடி போட்டு நீரே படியும்.

முதலில் என் வீட்டுக் கதை. நம்ம தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள் அல்லவா, அதை ஒருவழியாக மூடிப் புது ரோடும் போட்டாயிற்று. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுசைப் போட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் படி ஏறி வீட்டுக்குள் வருவோம், இப்போது இறங்கி வருகிறோம். போன வாரம் கோடைமழை பெய்தபோது தெருத் தண்ணீர் முழுக்கச் சம்பந்தி வீட்டுக்கு வருவதுபோல உரிமையோடு உள்ளே வந்துவிட்டது. அதிலிருந்து ஜெபகனி, ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிற வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாமும் தூக்குவோம் என்கிறாள். நாம் வீட்டைத் தூக்கினால் அவர்கள் மறுபடி ரோட்டைத் தூக்குவார்கள், நாம் மறுபடி வீட்டைத் தூக்குவோம், கர்த்தர் வருகிற நாளில் நமக்கு மேலே போக வேண்டிய தூரமாவது குறையும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள், கட்டினதை வைத்துக்கொண்டு பார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

இனி உம்ம வீட்டு விஷயம். உம்ம வீட்டுக்காரி அந்தோணியம்மாள் தவறினபிறகு கொஞ்ச காலம் தனியே கஞ்சி காய்ச்சிக் குடித்துப் பார்த்தீர், முடியாமல் மகளோடு போனீர். சாவியை என்னிடம் கொடுத்து, ஆள் வந்தால் காட்டும், விலை படிந்தால் முடிப்போம் என்றீர். சரி என்று காட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஃபெமினா, அப்பா உங்க பேருக்குப் பவர் எழுதி அனுப்புறாங்க மாமா, நீங்களே கையெழுத்துப் போட்டு முடிச்சிருங்க, இனி அப்பா இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்றாள். பின்னாலிருந்து உம்ம குரல் கேட்டது. எனக்கு அங்கன என்ன வே இருக்கு, வித்துத் தள்ளும் என்றீர்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பவர் வந்தால் நீர் வர வேண்டியதில்லை. நீர் இப்போது வராவிட்டால், நம் இருவர் வயசுக்கும், இனி எங்கே பார்த்துக்கொள்ளப் போகிறோம்? இதைப் போனில் கேட்டிருந்தால் ஃபெமினா எப்படிச் சுருக்கியிருப்பாளோ தெரியாது.

வீடு பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லுகிறேன். எல்லாருக்கும் கீழே எல்லாம் பிடிக்கிறது. மாடிக்குப் போனதும் கிழக்குச் சுவரில் இருக்கிற அந்தச் சன்னல் முன்னால் நின்றுவிடுகிறார்கள். நான் என்ன செய்ய? நீர் கட்டின வீட்டில், மற்ற சன்னலெல்லாம் ஒழுங்காக இடுப்புக்கு மேலே இருக்க, அது ஒன்று மட்டும் முழங்கால் உயரத்தில் தரையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து வாத்தியார் தம்பதி வந்தார்கள். அந்த அம்மா, இது எதுக்கு என்று கேட்டார். பூனைக்கு என்றேன். இவங்க வீட்ல பூனை இருந்துச்சா என்றார். இல்லை என்றேன். அதோடு போனவர்கள்தான்.

வள்ளியூர்க்காரர் ஒருவர் வாஸ்து பார்க்கிறவரையும் கூட்டி வந்தார். அவர் போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த உசரத்துல சன்னல் இருந்தா லெச்சுமி இறங்கிப் போயிருவா என்றார். இறங்கிப் போக வசதியென்றால் ஏறி வரவும் வசதிதானே என்று தெரியாமல்தான் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் வேண்டுமென்றே ஆளை விரட்டுகிறேன் என்று ஜெபகனி சொல்லுகிறாள். வேண்டுமென்றே இல்லை. என் வாய் அப்படி.

மூன்றாவதாக வந்தவர்தான் நம்மை மாட்டிவிட்டவர். மேலப்பாளையத்துத் தாஜ் முகம்மது. சவுதியில், தம்மாமில் ரொம்ப காலம் கடை வைத்திருந்து ஊர் திரும்பினவர், தன்மையான மனுஷன். சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை, குறை சொல்லவில்லை. வீடு பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டார். அந்தச் சன்னல் பக்கம் பீரோ வைக்க வேண்டும், அதை அடைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவரே, அண்ணாச்சி, அது என்னத்துக்கு வச்சதுன்னு கேட்டுச் சொல்லுங்க, காரணம் தெரியாம ஒண்ண அடைக்கக் கூடாதுல்லா என்றார்.

அந்த ஒரு வார்த்தை எனக்குள் புழு மாதிரி நெளிய ஆரம்பித்துவிட்டது. உமக்குத்தான் தெரியுமே, ஒரு விஷயம் தெரியாவிட்டால் எனக்கு மலச்சிக்கலே வந்துவிடும். உம்மிடம் நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்? வீடு பிரதிஷ்டைக்கு வந்த எங்கள் சபை ஐயர் கேட்டபோதும், வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த உங்கள் சாமியார் கேட்டபோதும் ஒரே பதில், கொத்தனார் செஞ்ச தப்பு. நானும் நம்பி, கொத்தனாரிடம் ஏமாந்த கிரேன் ஆப்பரேட்டர் என்று உம்மைத் தெருவெல்லாம் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். இப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். அதே கொத்தனார்தான் என் வீட்டையும் கட்டினார். என் வீட்டில் தப்பே செய்யாதவர் உம்ம வீட்டில் மட்டும் ஏன் செய்தார்? தப்பாக வைத்த சன்னலுக்கு யாராவது தேக்கில் கதவு போடுவார்களா? வீடு முழுக்க வேங்கைக் கதவு, அதற்கு மட்டும் தேக்கு!

அன்று முதல் நான் தினம் உம்ம மாடியில்தான். நின்று பார்த்தால் அதன் வழியே ஒன்றும் தெரியவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எதிர்வீட்டுச் சின்டெக்ஸ் தொட்டி தெரிந்தது. காலையில் வெயில் கணுக்காலில் அடிக்கிறது. அதற்காகவா ஒருவன் சன்னல் வைப்பான்? சன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் இன்னொரு வேடிக்கை, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஓர் ஆணி. அதில் சட்டையைத் தொங்கவிட்டால் தரையைக் கூட்டும். படமும் மாட்ட முடியாது. யார் அடித்தது, எதற்கு அடித்தது? தாஜ் முகம்மது போன் செய்து, தெரிஞ்சுதா அண்ணாச்சி என்று கேட்டார். விசாரணை நடந்துட்டிருக்கு என்றேன்.

நேற்றைக்கு முந்தின நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. வெக்கை தாங்கவில்லை. உம்ம முருங்கைக் கிளைகளை வெட்டி இழுத்துப் போட்டதில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. மாடிக்குப் போனவன் உட்கார முடியாமல், வெறுந்தரையில் சன்னல் பக்கம் தலைவைத்து நீட்டிப் படுத்துவிட்டேன். பொழுது அடைகிற நேரம். கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பேன். திடீரென்று முகத்தில் காற்று. வெக்கைக் காற்று இல்லை, ஈரக்காற்று. நெஞ்சு, முகம், நெற்றி எல்லாவற்றிலும் படுகிறது. எழுந்து உட்கார்ந்தால் இல்லை, படுத்தால் இருக்கிறது. உப்பு மணத்தது என்று சொன்னால் பொய். ஆனால் உதட்டை நக்கிப் பார்த்தேன், பிசுபிசுவென்று இருந்தது. திருச்செந்தூர்க் கடற்கரையில் உட்கார்ந்திருந்தால் இருக்குமே, அப்படி. அப்படியே அசையாமல் கிடந்தேன்.

என்னைத் தேடி, நம் நடுச்சுவர்க் கதவைத் திறந்துகொண்டு ஜெபகனி வந்தாள். தரையில் கிடந்தவனைப் பார்த்து, ஐயோ போயிட்டாரே என்று ஒரே சத்தம். எதிர்வீட்டு அசன் மைதீன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டார். போகலட்டி, கடல்காத்து வருது, இங்கன வந்து படுத்துப் பாரு என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது இப்பத்தான் உங்களுக்குத் தெரியுமாக்கும் என்று கேட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்தோணியம்மா மதினி மணப்பாட்டுக் கடக்கரையில பொறந்து வளந்தவங்க, கடல்காத்து மூஞ்சில படாட்டா அவங்களுக்கு உறக்கம் வராது. கட்டில்ல படுக்கவே மாட்டாங்க, தரையிலதான். அதுக்குத்தான் அண்ணன் அந்தச் சன்னலைத் தாழ வச்சாங்க. இந்த ஆணி மதினி ஜெபமாலை மாட்டுத ஆணி, படுத்துக்கிட்டே கைய நீட்டி எடுப்பாங்க. இவ்வளவும் சொன்னாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்பாத்துரை தெரிஞ்சா பொண்டாட்டிக்குச் சன்னல் வச்சவன்னு ஊரெல்லாம் கேலி பண்ணுவான், சொல்லாதிய என்று நீர் சத்தியம் வாங்கினீராமே!

அட மனுஷா. கொத்தனாரிடம் ஏமாந்தவன் என்று நான் கேலி பண்ணினதையெல்லாம் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டீரே. இதைச் சொல்லியிருந்தால் நான் கேலி பண்ணியிருப்பேன், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த நாளே எங்கள் மாடியிலும் ஒரு சன்னலைத் தாழ இறக்கியிருப்பேன். ஜெபகனியின் அம்மா ஊர் குற்றாலத்துப் பக்கம். அவள் இத்தனை வருஷமும் எந்தக் காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருந்தாளோ, நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நேற்றுதான் கேட்டேன். இப்ப கேட்டு என்ன செய்ய, மொதல்ல ரோட்டுத் தண்ணி உள்ள வராமப் பாருங்க என்றாள்.

தாஜ் முகம்மதிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், பீரோவை வேற சுவத்துல வச்சுக்கிடலாம் அண்ணாச்சி என்றார். அதற்குப் பிறகும் போகாமல் வாசலில் நின்று, ஆனா அவரு ஒரு தடவ வந்து பாத்துட்டு அவரு கையாலயே குடுத்தா எனக்கும் அந்த வீட்ல உறக்கம் வரும், பக்ரீத் கழியுத வரைக்கும் நான் பொறுத்திருக்கேன் என்றார். நல்ல மனுஷன். அவர் வந்தால் எனக்குப் பக்கத்து வீட்டில் நல்ல துணைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். உம்ம வீட்டை விற்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மகளோடு இருக்கிற மனுஷனைத் தனிவீட்டுக்கு வா என்று கூப்பிடவும் மாட்டேன்.

ஆனால் பவர் பத்திரத்தை அனுப்பாதேயும். வந்தால் அப்படியே திருப்பி அனுப்புவேன், நான் அதில் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்கு அங்கன என்ன இருக்கு என்று கேட்டீரே, தரையை ஒட்டி ஒரு சன்னல் இருக்கிறது. வைகாசி கழிந்தால் மேல்காத்து கிளம்பிவிடும், அப்புறம் கிழக்கே கடல் பக்கமிருந்து ஒன்றும் வராது. அதற்கு முன்னால் வாரும். ஒரு சாயங்காலம் அங்கே படுத்து எழுந்திரும். அதன்பிறகு விற்பதோ வைப்பதோ உம்ம இஷ்டம், நானே ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப் போகிறேன்.

மாடியைக் கூட்டிப் பாய் விரித்து வைத்திருக்கிறேன். நான் தினமும் அங்கே படுக்கிறேன் என்று கோபப்படாதேயும். நீர் படுக்கிற பக்கத்தில்தான் படுக்கிறேன். ஆணி இருக்கிற பக்கத்தில் படுக்கவில்லை.

ஆண்டவர் உமக்கு விமானம் ஏறக் காலில் பலமும், நான் சொல்லுகிறது கேட்கக் காதில் கொஞ்சம் இடமும் தருவாராக.

உம்ம வரவைப் பார்த்திருக்கும்,
அப்பாத்துரை.