தைத்துச் செய்த வள்ளம்

அப்பா,

இன்று காலை கடையைத் திறந்து உட்கார்ந்தபோது, பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஒரு வேனின் உடைந்த பம்பரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ரெசின் பசையின் வாடை சுவரைத் தாண்டி வந்தது. தைத்த பிளவுஸை வாங்க வந்த அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன நாத்தம் இது" என்றார். எனக்கு அது நாற்றமாகப் படவில்லை. அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டு அதை இழுத்து முகர்ந்தேன். ஒரு சாரல் காலம் முழுக்க நம் வீட்டு முன்கூடத்துப் பட்டாசலில் இருந்த வாடை அல்லவா அது.

அதற்கு முந்தைய வருடத்தைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. செங்கோட்டையிலிருந்து நான் ஸ்கூட்டர் ஓட்டித் திரும்பும்போது பின்னால் வந்த கார் தட்டியது. இடுப்புக்குக் கீழே எனக்கு எல்லாம் நின்றுபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், காலால் மிதித்துத் தைக்கும் என் மெஷினைப் போர்வை போட்டு மூடச் சொன்னேன். பார்க்க வந்தவர்களிடம் பேசுவதையும் நிறுத்திக்கொண்டேன். நீங்கள் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தீர்கள். காலையில் சக்கர நாற்காலியை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டுபோய் விடுவீர்கள், சாயங்காலம் திருப்பிக்கொண்டு வருவீர்கள். நடுவில் நம் இருவருக்கும் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

ஒருநாள் பிளைவுட் பலகைகளைக் கொண்டுவந்து இறக்கினீர்கள். அம்மா வாசலில் நின்று கேட்டாள். "என்னது, கட்டிலா செய்யப் போறிய?"

"வள்ளம்."

கொல்லத்துக்குச் சரக்கு ஏற்றிப் போன காலத்தில் காயல் தண்ணீரில் பார்த்த சின்னப் படகுகளை நீங்கள் மலையாளத்துக்காரர்கள் மாதிரி அப்படித்தான் சொல்வீர்கள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இருக்கது காணாதுன்னு வள்ளம் வேறயா? யாரு போவா அதுல?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "வள்ளத்துல எல்லாரும் உக்காந்துதான்ட்டி போவணும்."

அன்று முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் அந்தப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு மர வேலை தெரியாது. போனில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் படகு செய்வதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். அவர் பேசுவது புரியாது, கையை மட்டும் கவனிப்பீர்கள். பலகைகளை வளைவாக அறுத்து, ஓரமெல்லாம் துளை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டி இறுக்கினால் தட்டைப் பலகை வளைந்து படகாக எழுந்துவிடும். அதன்மேல் ரெசின் பூசிக் காயவைக்க வேண்டும். அவர் செய்யும்போது சுலபமாகத்தான் இருந்தது. நீங்கள் ஒரு நுனியிலிருந்து கட்டிக்கொண்டே போவீர்கள். மறு நுனிக்கு வரும்போது ஒரு பலகை நீண்டு நிற்கும். எல்லாவற்றையும் அவிழ்ப்பீர்கள். மறுநாள் மறுபடி அதே மாதிரி. பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் வாய் திறந்தேன்.

"நுனியில ஆரம்பிக்காதிய. நடுவுல பிடிச்சுட்டு ரெண்டு பக்கமும் போங்க. கை வச்சுத் தைக்கும்போது நாங்க அப்படித்தான் செய்வோம்."

நீங்கள் திரும்பினீர்கள். "எந்தக் கை?"

"பிளவுஸ் கை."

நீங்கள் சிரிக்கவில்லை. கம்பிச் சுருளையும் குறடையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தீர்கள். "அப்போ இது தையல் வேலைல்லா. எனக்கு எப்படி வரும்? நீயே போடு."

அன்றிலிருந்து நான் கட்டினேன். ஒரு கட்டுப் போட்டு முடித்ததும் நாற்காலியை ஒரு சாண் நகர்த்திவிடுவீர்கள். விரலெல்லாம் கம்பி கிழித்து எரிந்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு வேலை செய்து வந்த எரிச்சல். நன்றாகப் பசித்தது. சாரல் ஈரத்தில் ரெசின் காயாமல் பிசுபிசுவென்று கிடந்தபோது அம்மா டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து படகின் பக்கம் திருப்பி வைத்தாள். "ஊரே நனையுததுக்குக் குத்தாலம் வருது. இங்க ரெண்டு பேரு பசையக் காய வைக்காவ" என்று முணுமுணுத்தாள். உள்ளே உட்கார எனக்கு முதுகு நிற்காது என்று, ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் காலை வெட்டி அடியில் பொருத்தினீர்கள். அதற்கு வார் நான் தைத்தேன். மூடி வைத்த மெஷினில் இல்லை, ஊசியால், கையால்.

ஐப்பசி மழையில் குளம் பெருகியதும் மினி லாரியில் வள்ளத்தைக் கொண்டுபோனோம். என்னைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தீர்கள். லைஃப் ஜாக்கெட்டை இழுத்து இழுத்துப் பார்த்தீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு விளிம்பைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை.

"விடுங்கப்பா."

"விடுதேன், விடுதேன்" என்றீர்கள். விடவில்லை. நான் துடுப்பைப் போட்டதும் வள்ளமே உங்கள் கையிலிருந்து நழுவிப் போனது.

முதலில் ஒரே பக்கமாகச் சுற்றினேன். பிறகு பிடிபட்டது. நீங்கள் கரையேறி எனக்கு இணையாக நடந்தீர்கள், பிறகு வேகமாக நடந்தீர்கள், பிறகு ஓடினீர்கள். "ஏட்டி, மெல்லப் போ, மெல்லப் போ." நான் மெல்லப் போகவில்லை. விபத்துக்குப் பிறகு கைக்கு எட்டும் தூரத்தில் யாரும் இல்லாமல் நான் இருந்தது அதுதான் முதல்முறை. குளத்து நடுவில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு தூரத்திலிருந்து உங்களுக்குத் தெரிந்திருக்காது. கரைக்கு வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி தெறிச்சிருச்சா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அந்தத் தை மாதம் மெஷினுக்குக் கையால் அழுத்தி ஓட்டும் மோட்டார் போட்டுத் தரச் சொன்னேன். பிறகு இந்தக் கடை. இரண்டு மழைக்காலம் நாம் குளத்துக்குப் போனோம். மூன்றாவதுக்கு நீங்கள் இல்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தீர்கள், எழுந்திருக்கவில்லை.

போன கார்த்திகையில் அம்மா திடீரென்று, "என்னையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போயேன்" என்றாள். மினி லாரிக்காரர் என்னைத் தூக்கி உள்ளே வைத்ததும் அவளை முன்னால் உட்காரச் சொன்னேன். சேலையை முழங்காலுக்குள் ஒடுக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் பிடித்தபடி இருந்தாள். குளத்து நடுவுக்கு வந்ததும் திரும்பாமலே கேட்டாள்.

"ஒங்கப்பாவுக்கு நீச்சல் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

நான் துடுப்பை நிறுத்தினேன்.

"சின்னதுல கெணத்துல விழுந்து எடுத்தாவளாம். அதுக்குப் பெறவு தண்ணின்னாலே பயம். அருவிக்குப் போனாக்கூட ஓரமாத்தான் நிப்பாவ. நான் வள்ளம் வேண்டாம்னு சொன்னது உனக்காவ இல்லட்டி. நீ விழுந்தா யோசிக்காம அவுகளும் குதிச்சிருவாவளேன்னுதான்."

இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற உங்களை நினைத்தேன். பிடியை விடாததற்கு நான் மனதுக்குள் சலித்துக்கொண்டதையும் நினைத்தேன். "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொல்லக் கூடாதுன்னுட்டாவ" என்றாள் அம்மா. பிறகு ஒரு கையை மட்டும் விளிம்பிலிருந்து எடுத்துத் தண்ணீரில் வைத்தாள்.

அப்பா, தைக்கவும் துடுப்புப் போடவும் துணிந்தேனே தவிர, ரோட்டில் வண்டி ஓட்டுவதற்கு மட்டும் நான் திரும்பவே இல்லை. பயம் தெளியட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஆட்டோவிலேயே போய்வந்துகொண்டிருந்தேன். அந்தக் கார்த்திகைக்குப் பிறகு பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாங்கினேன். இப்போது கடைக்கு நானேதான் ஓட்டி வருகிறேன். பின்னால் ஹாரன் கேட்டால் கை இன்னும் நடுங்குகிறது. ஓரமாக நிறுத்துவதில்லை. நடுங்கிக்கொண்டே ஓட்டுகிறேன்.