அறை எண் நான்கின் சுவரில் தொங்கும் எடை அட்டை

அனுப்புநர்:
இறந்தவரின் அக்கா,
தையல் கடை, மருத்துவமனைக்கு எதிரே.

பெறுநர்:
தலைமை மருத்துவ அதிகாரி அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: என் தங்கையின் எடை அட்டையை அறை எண் நான்கின் சுவரிலிருந்து கழற்றாதிருக்க ஆணையிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்த என் தங்கை, முப்பத்தாறு வயதில், மார்பில் கட்டி என்று அந்த அறையின் மருத்துவரிடம் போனாள். வாசலில் செவிலியர் எடை பார்த்துச் சீட்டில் சிவப்பு மையில் எழுதினார்: எண்பத்து நான்கு. மருத்துவர் அந்த எண்ணைத்தான் பார்த்தார். கட்டியைத் தொடக்கூட இல்லை. "கொழுப்புக் கட்டிம்மா. உடம்பைக் குறை, தானா கரைஞ்சிடும்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

2. எங்கள் அம்மா மார்பகப் புற்றுநோயில் முப்பத்தெட்டு வயதில் போனாள். அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, நாற்பத்தொன்றில். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்கவே படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. கூட்டத்தைச் சீக்கிரம் அனுப்ப, காலையிலேயே எல்லாப் படிவங்களிலும் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று முத்திரை குத்திவிடுவது அந்த அறையின் வழக்கம். நாங்களாகச் சொல்ல வாயெடுத்தபோது அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

3. தங்கை, யார் சொன்ன பேச்சையும் தட்டாதவள். விடியலில் நடந்தாள், எண்ணெயை விட்டாள், இனிப்பை விட்டாள். பத்து மாதத்தில் இருபத்தொரு கிலோ குறைந்தாள். அவள் உடைகளை நான்தான் மூன்று முறை பிடித்துத் தைத்தேன், "கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டேடி" என்று கேலி வேறு செய்தேன். இன்று நினைத்தால் என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது. மருத்துவரோ கைதட்டினார். அவள் எடை அட்டைக்குச் சட்டம் போட்டு, "இவரால் முடிந்தது, உங்களாலும் முடியும்" என்று எழுதி மாட்டினார். கடைசி எட்டு கிலோவைக் குறைத்தது நடை அல்ல, நோய் என்று வேறு மருத்துவமனையில்தான் தெரிந்தது. அதற்குள் எலும்புக்குப் பரவிவிட்டது. ஏழு மாதம் படுத்தாள். போய்விட்டாள்.

4. கூடுதல் எடை இந்த நோயையும் சிகிச்சையின் பலனையும் பாதிக்கலாம், நடப்பது நல்லது என்று அந்த வேறு மருத்துவமனையின் பெண் மருத்துவரும் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஆனால் பரம்பரையாக வருவதை நடந்தே தீர்த்துவிட முடியாது, கேட்க வேண்டும், கட்டியைக் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். அதற்கு ஐந்து நிமிடம் போதுமாம்.

5. சென்ற திங்களன்று அந்த அறைக்குப் போனேன். செவிலியர் ஓடி வந்து, "கழட்டிடறோம்க்கா, டாக்டரே சொல்லிட்டாரு. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். மனதில் வைத்துக்கொள்ளத்தான் போகிறேன் ஐயா.

ஆகவே, அட்டை அங்கேயே இருக்கட்டும். அதன் அடியில் அம்மா போன வயதையும் சித்தி போன வயதையும், தங்கை கட்டியைச் சொன்ன தேதியையும், அவள் இறந்த தேதியையும் அந்த மருத்துவர் தம் கைப்பட எழுத வேண்டும். அவருடைய நாற்காலியை அதைப் பார்த்தாற்போல் திருப்பிப் போட வேண்டும். அந்த "இல்லை" முத்திரையை என் கண்ணெதிரே உடைக்க வேண்டும். தண்டனை என்று அவரைத் தயவுசெய்து இடமாற்றம் செய்துவிடாதீர்கள். வேறு ஊரில் சுவர் வெறுமையாக இருக்கும்.

ஒவ்வொரு திங்களும் டோக்கன் வாங்கி வந்து அட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். நானும் அதே வயிற்றில் பிறந்தவள், வயது முப்பத்தொன்பது. எனக்கும் ஒரு படிவம் வேண்டும். அந்தக் கட்டத்தை அவரே என்னிடம் கேட்டு, அவர் கையாலேயே நிரப்பட்டும்.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து,
(கையொப்பம்)
அக்கா

இடம்: தையல் கடை
நாள்: தங்கை போன ஐம்பத்திரண்டாம் நாள்