கூடைக்குள் அடைக்கக் கூடாத கோழி

2 ஆகஸ்ட் 1957, ஆடி வெள்ளி

கறுப்புக் கோழிக்கு அம்மை போட்டிருக்கிறது. கொண்டையிலும் கண்ணோரமும் கொப்புளம். காலையில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவி, மற்றவற்றுக்கு ஒட்டாமலிருக்கத் தனியாகக் கூடையைக் கவிழ்த்து மூடினேன். கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் மாமியார் கூடையை எடுத்துவிட்டார்.

"ஆத்தா எறங்கியிருக்கா, அவள கூடையில போட்டு மூடுவியா? நாலு எழுத்து தானா படிச்சிக்கிட்ட திமிரு!"

"கோழியத்தான் மூடுனேன் அத்தை. புள்ளைங்களுக்குப் போட்டப்போ நீங்களும் தனியாத்தானே படுக்க வெச்சீங்க?"

"அது படுக்க வெச்சது. இது கவுத்து வெச்சது."

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாள் முழுக்க அந்தக் கோழி எல்லாவற்றோடும் ஒரே சட்டியில் தண்ணீர் குடித்தது. குஞ்சுகளுக்கு வந்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆத்தா வராதவற்றை மூடினால் தப்பில்லையே என்று சாயங்காலம் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் கூடைக்குள் விட்டேன். மாமியார் பார்த்தார், கூடையைத் தொடவில்லை. ஆனால் வீட்டில் இருப்பது அந்த ஒரு கூடைதான்; மற்ற மூன்று கோழிக்கு அதில் இடமில்லை.

மாரியம்மா, உன் மேல் பக்தியில்லாமல் எழுதவில்லை. அந்த மூன்று கோழியும் உன்னால்தான் கறுப்புக் கோழியோடு வெளியே நிற்கின்றன. அவற்றை நீயே பார்த்துக்கொள்.