விரத நாளில் மாத்திரை உண்டா என்று கேட்டுவிட்டார், அத்தை

என்னை மருமகள் என்று ஒரு நாளும் சொல்லாமல், அம்மிணி என்றே கூப்பிட்ட என் அத்தைக்கு,

நேற்று உங்கள் கேஸில் ஒரு டாக்டர் பாஸ் ஆகிவிட்டார். முருகனுக்கு விளக்கேற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்து உங்களிடம்தான் சொல்கிறேன். நம் தமிழ்ச் சங்க மலரில் வரப்போகிற கடிதம் இது, இந்த ரிச்சர்ட்சன் ஊரில் இருக்கிற மற்றவர்களும் படிக்கட்டும்.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாதே. டல்லாஸில் ஒரு மருத்துவக் கல்லூரியில், வாரம் இரண்டு நாள், நோயாளியாக நடிக்கிறேன். கிரீன் கார்டு வந்த பிறகு லைப்ரரியில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துப் போனேன். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்து என்னிடம் விசாரிப்பார்கள். அவர்களுக்குப் பேசத் தெரிந்ததா, காது கொடுத்துக் கேட்கத் தெரிந்ததா என்று நான் மார்க் போட வேண்டும். பத்தாவதோடு நின்றவள், டிவி பார்த்து இங்கிலீஷ் கற்றவள், டாக்டருக்கு மார்க் போடுகிறேன்! "வீட்டுல எனக்குப் போடற மார்க் பத்தலையா?" என்றார் உங்கள் மகன்.

நன்றாக இருக்கிற உடம்பை நோய் என்று வாயால் சொன்னால் தேவதைகள் 'ததாஸ்து', அப்படியே ஆகட்டும் என்றுவிடுமே என்ற பயம் வேறு. "இது நிஜமில்லை முருகா" என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறுவேன்.

முதல் மாதம் எல்லோருக்கும் முழு மார்க் போட்டேன். பாவம், கண் விழித்துப் படிக்கிற பிள்ளைகள், மனது வரவில்லை. பொறுப்பாளர் லிண்டா என்னைத் தனியே கூப்பிட்டு, இவர்களில் யாரிடமாவது உன் குடும்பத்தில் ஒருவரை அனுப்புவாயா என்று கேட்டார். எனக்கு உங்கள் முகம்தான் வந்தது.

உங்களுக்கு நினைவிருக்கும். பிரஷருக்கு உங்களை இங்கே கூட்டிப்போன டாக்டர் என்னைப் பார்த்தே பேசுவார், நான் உங்களுக்குத் தமிழில் சொல்லுவேன். திரும்பும் வழியில் காரில் கேட்டீர்கள்: "அந்த டாக்டரு உன்ற மூஞ்சியவே பாத்துப் பேசறாரு. பிரஷரு உனக்கா எனக்கா அம்மிணி?" சிரித்ததோடு விட்டுவிட்டேன். மாத்திரை தவறாமல் எடுக்கிறீர்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். "ஆமாங்க" என்றீர்கள். அது பொய்யும் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதியிருந்தது, சாப்பிட்ட நாளெல்லாம் போட்டீர்கள்.

வெள்ளியும் சனியும் நீங்கள் சாப்பிடுவதில்லையே.

பக்கவாதம் வந்து நீங்கள் போன பிறகு, மிச்ச மாத்திரைகளை எண்ணினேன். பதினாறு அதிகம் இருந்தன. எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு. உங்கள் பிரஷரைத் தினமும் காலையில் எழுதி வைத்த நோட்டைப் புரட்டினேன். சனி ஞாயிறுகளில்தான் எண் ஏறியிருந்தது. என் கையெழுத்துதான் அத்தை. உங்களோடு சேர்ந்து நானும் விரதம் இருந்தேனே, எனக்கு ஏன் கேட்கத் தோன்றவில்லை?

அதை லிண்டாவிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அதுவே பரீட்சைக்கு ஒரு கேஸ் ஆனது: பிரஷர் உள்ள அம்மா, எதைக் கேட்டாலும் "எஸ் டாக்டர்" என்பார், வாரம் இரண்டு நாள் விரதம். விரதத்தைப் பற்றிக் கேட்டால்தான் நான் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது.

பிள்ளைகள் மட்டுமில்லை, தொழில் பார்க்கிற டாக்டர்களும் வருஷா வருஷம் வகுப்புக்கு வந்து படித்தாக வேண்டும் இந்த ஊரில். போன வருஷம் நரைத்த மீசையோடு ஒருவர் வந்தார். நின்றபடியே கேட்டார், எழுதினார், நாலு நிமிஷத்தில் கதவைத் தொட்டார். அவர் முகத்துக்கு நேராக நான் குறையைச் சொல்ல வேண்டும். நம் வீட்டில் டாக்டரைக் கண்டால் எழுந்து நிற்போம். நாங்கள் இங்கிலீஷில் பேசியதை நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

"மாத்திரையைப் பத்திக் கேட்டீங்க டாக்டர், என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலை" என்றேன்.

"முப்பது வருஷமா இதைத்தாம்மா பண்றேன்."

"எங்க அத்தையோட டாக்டரும் ரொம்ப அனுபவசாலிதான்" என்று சொல்லி, பதினாறு மாத்திரைகளின் கதையைச் சொன்னேன். கதவைத் திறந்து போய்விட்டார். ஃபெயில் போட்டேன். வீட்டுக்கு வந்து, பெரியவரை அவமதித்தேனோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நேற்று அவரே மறுபடியும் வந்தார். ஸ்டூலை இழுத்து என் எதிரே உட்கார்ந்தார். "நேத்து எழுந்ததுலேருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன பண்ணீங்க, சொல்லுங்க" என்றார். குளித்தேன், பூஜை செய்தேன், சமைத்தேன் என்றேன். சாப்பிட்டேன் என்று சொல்லவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"விரத நாள்ல மாத்திரை உண்டா?"

நடிக்க வேண்டியவள் நான், எனக்கு நடிப்பே மறந்துவிட்டது. இல்லை என்று தலையை ஆட்டினேன். "விரதத்தை விட வேண்டாம். இந்த மாத்திரைக்குச் சாப்பாடு வேண்டியதில்லை, தண்ணியோட போட்டுக்கலாம்" என்றார். இந்த ஒரு வாக்கியம்தானே அத்தை உங்களுக்குக் கிடைக்காமல் போனது?

வெளியே வந்ததும் சொன்னார், போன வருஷத்திலிருந்து தன் கிளினிக்கில் எல்லோரிடமும் இப்படித்தான் கேட்கிறாராம். விரத நாளில் மாத்திரையை விடுகிற நாலு பேர் அகப்பட்டார்களாம். ஈஸ்டருக்கு முன்னால் உபவாசம் இருக்கிற ஒரு மெக்ஸிகோ அம்மா, ரம்ஜான் நோன்பு வைக்கிற ஒரு தாத்தா, இன்னும் இரண்டு பேர். நாலு பேரும் சுகமாக இருக்கிறார்கள். நீங்கள் பார்க்காத நாலு பேர் உங்களால் நடமாடுகிறார்கள், அத்தை.

அடுத்த மாதம் நர்ஸுகளுக்கான வகுப்பு தொடங்குகிறது. அங்கேயும் உங்கள் கேஸ்தான். தலை எத்தனை நரைத்திருந்தாலும் சரி, கேட்காமல் எழுந்து போகிற யாருக்கும் நான் பாஸ் போடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மூத்த மகன் வீட்டு
அம்மிணி