கல்லறைக் கனவானும் என் வெள்ளைக் கையுறையும்

மார்ச் 6, 1973, செவ்வாய்

இன்று காலை இரண்டு மணி நேரம் ஓர் இரத்தக் காட்டேரிக்குத் தலை வாரினேன். பேன் இல்லை. நல்ல வளர்ப்பு.

‘கல்லறைக் கனவான்’ இரண்டாம் பாகத்தை எங்கள் சிகாகோவில் எடுக்கிறார்கள். தலைமுடி வேலைக்கு என் அழகு நிலையத்தைக் கேட்டு வந்தார்கள். முதல் பாகம் போன வருடம் எங்கள் நாற்பத்தேழாம் தெருவையே அலற வைத்த படம். அடிமைக் காலத்தில் புதைத்த ஒருவன், நூற்றுப்பத்து வருடம் கழித்துச் சவப்பெட்டியைத் திறந்துகொண்டு வந்து ஊர் இரத்தத்தைக் குடிக்கிறான். எங்கள் கறுப்பின ஆள் ஒருவன் முதல் பத்து நிமிடத்தில் சாகாமல் கடைசி வரை நின்ற படம். அவன் ஏற்கெனவே செத்தவன் என்பது வேறு விஷயம்.

நாயகன் சைலஸ் மான்ட்க்ளேர். நாற்பது வயது, ஆறடி மூன்றங்குலம். குரல் இருக்கிறதே, “சீப்பை எடுங்கள்” என்றாலே தீர்ப்பு வாசிப்பது போலிருக்கும். அந்தப் பெயரோடு யாரும் பிறந்திருக்க முடியாது என்று எனக்குக் கேட்டதுமே சந்தேகம்.

மார்ச் 8, வியாழன்

நான் நடிகையாகிவிட்டேன்! வீட்டுக்காரம்மாவாக நடிக்க வேண்டியவளுக்குப் பல்வலி. இயக்குநர் ஹாலண்ட், கலிபோர்னியாவிலிருந்து வந்த சின்ன வெள்ளைக்காரப் பையன், என்னைப் பார்த்து, “நீங்க நில்லுங்க மேடம், முகம் பொருத்தமா இருக்கு” என்றான். நாற்பத்தொன்பது வயதில் முகம் எதற்காவது பொருந்துகிறதே.

காட்சி இதுதான். காட்டேரி கதவைத் தட்டுகிறான். வீட்டுக்காரர் கூப்பிடாமல் அவன் வாசலைத் தாண்ட முடியாது. அது அவர்கள் சட்டம். நான் “வாருங்கள் ஐயா” என்று சொல்ல வேண்டும். அவன் வந்து கடிப்பான்.

ஹாலண்டிடம் சொன்னேன். “தம்பி, முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைய இப்படி உள்ள விடுற பொம்பளை இந்தத் தெருவுல ஒருத்திகூடக் கிடையாது.”

“எழுதினதை மட்டும் சொல்லுங்க மேடம்.”

எழுதியதைத்தான் சொல்வதாக இருந்தேன். சத்தியமாக. காமிரா ஓடியது. அவன் கறுப்பு அங்கியோடு வாசலில் நின்றான். என் வாய் தானாகக் கேட்டுவிட்டது:

“யார் வீட்டுப் பிள்ளை நீ? உங்க ஆளுங்க எந்த ஊரு?”

காட்டேரி திகைத்துப் போனான். கண்ணில் மின்னிய அந்தப் பயங்கரம் அணைந்தது. தீர்ப்புக் குரல் காணாமல் போய், பள்ளிக்கூடப் பையன் குரல் வந்தது.

“மிசிசிப்பி, மேக்கன் ஊருங்கம்மா. டப்ஸ் வீட்டு ஆளுங்க. எங்கம்மா பேரு லுவெனியா.”

“தையல்காரி லுவெனியாவா? அடப்பாவி, எங்க அத்தை ஊரு! வாசல்ல ஏன்டா நிக்கிற? உள்ள வா. சாப்பிட்டியா?”

வந்தான். கடித்தான். செத்தேன்.

படப்பிடிப்பில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தவறு நடந்தது எங்களுக்குத் தெரியும். நூற்றுப்பத்து வருடப் பிணத்துக்கு மேக்கனில் தையல்காரி அம்மா எப்படி? ஹாலண்ட் மட்டும் கை தட்டினான். “ரொம்ப இயல்பா இருந்தது! அடுத்த காட்சி!” எங்களில் யாரும் அவனுக்கு விளக்கப் போகவில்லை.

பிறகு முடியைக் கலைக்கும்போது காட்டேரி கண்ணாடியில் என்னை முறைத்தான்.

“ஏன்க்கா அப்படிக் கேட்டீங்க? பதினெட்டு வருஷமா நான் மான்ட்க்ளேர்.”

“நீ ஏன்டா பதில் சொன்ன?”

“கேட்டா எப்படிச் சொல்லாம இருக்கிறது? அம்மா அடிப்பாங்க.” சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. “பேரை மாத்தினதிலேர்ந்து அம்மா என்னோட பேசுறதில்ல. பக்கத்துல, கேரி ஊர்லதான் இருக்காங்க. என் படம் ஒண்ணுகூடப் பார்த்ததில்ல.”

நிஜப் பெயர் யூலிஸ் டப்ஸ். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நாட்குறிப்பு கணக்கில் வராது.

மார்ச் 11, ஞாயிறு

செய்தி என்னை முந்திக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டது. எங்கள் சபைக்காரி ஒசெல்லா கிரம்ப் வேலையாகத்தான் இருக்கும். வேறு யாருக்கு அவ்வளவு நீள நாக்கு? (எனக்கு உண்டு. ஆனால் இந்த முறை நான் இல்லை.)

இருபத்திரண்டு வருடமாகச் சபை வாசலில் நின்று, வருகிறவர்களை இடம் பார்த்து உட்கார வைப்பவள் நான். வெள்ளை உடை, வெள்ளைக் கையுறை. போதகர் கெய்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சிஸ்டர் வெர்னெட்டா, பிசாசை உள்ள கூப்பிட்ட அதே கையாலதான் கர்த்தரோட ஜனங்களையும் கூப்பிடுவீங்களா?”

“பாஸ்டர், அது டப்ஸ் வீட்டுப் பையன்.”

“படம் வரட்டும். உங்களால நம்ம ஜனங்களுக்கு மானமா அவமானமான்னு அப்பத் தெரியும். அதுவரைக்கும் அந்தக் கையுறை என்கிட்ட இருக்கட்டும்.”

“நீங்களே வந்து பாருங்களேன்.”

“அந்தத் தியேட்டர் நிழல்லகூட நான் ஒதுங்க மாட்டேன்.”

கையுறையை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். என் இடத்தில் இனி ஒசெல்லா. நடந்தால் அவள் செருப்பு எலி மாதிரி கத்தும். கையுறை அவரிடமே இருக்கட்டும். திரும்பி வரும். அந்தக் காட்சியில் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 3, ஞாயிறு

ஒசெல்லா இன்று மூப்பர் ஒருவரைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. எழுத மட்டும் செய்கிறேன்.

ஆகஸ்ட் 10, வெள்ளி

படம் வந்துவிட்டது. என் காட்சியை அந்த ஹாலண்ட் வெட்டியிருப்பானோ? வெட்டியிருந்தா என் கதி? ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே — தம்பட்டம் அடிக்கிற வாய்க்கு ஒரு பூட்டு கிடையாதா?

வெட்டவில்லை.

முதல் அரைமணி நேரம் சுமார். காட்டேரி தன் பாவங்களுக்காக வருந்திக்கொண்டே இருக்கிறான். எங்கள் ஆட்கள் படத்தைச் சும்மா பார்க்க மாட்டார்கள், படத்தோடு பேசுவார்கள். “போன படத்துல கடிச்ச, இதுல பிரசங்கமா?” என்றது பின்வரிசை. “அவனுக்கும் வயசாகுதுல்ல,” என்று இன்னொருவர் பரிந்து பேசினார்.

பிறகு கதவு திறந்தது. சுவரளவுக்கு என் முகம். அந்த மூக்கு என்னுடையதுதானா? “யார் வீட்டுப் பிள்ளை நீ?” என்று நான் கேட்டதும் தியேட்டரே, “ஆமா, கேளு!” என்றது. அவன் பதில் சொன்னான் பாருங்கள்! ஓர் அம்மாள், மடியிலிருந்த வெண்ணெய் ஊற்றிய பாப்கார்ன் கொட்ட, எழுந்தே விட்டாள். “மேக்கனா! அது எங்க ஊருடீ!” நான் “சாப்பிட்டியா?” என்றதும் ஐந்நூறு பேர் ஒரே குரலில் கத்தினார்கள்.

“கூப்பிடாதேம்மா! அவன் சாப்பாடே நீதான்!”

கடித்தான். முன்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்து கைத்தடியைத் திரைக்கு நேரே நீட்டினார்.

“டப்ஸ் வீட்டுப் பிள்ளை செய்யுற காரியமாடா இது? இரு, உங்கம்மாகிட்டச் சொல்றேன்!”

நிஜமாகவே சொன்னாலும் சொல்வார் போலிருந்தது.

ஆகஸ்ட் 11, சனி

நகரத்துப் பெரிய பத்திரிகை: “முதல் பாகத்தின் இரத்தத்துக்கு இதில் சோகை பிடித்துவிட்டது. வாசலில் நடக்கும் உரையாடலுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை.” அந்த வால் நான்.

எங்கள் பத்திரிகையும் விடவில்லை: நம் ஆண்கள் திரையில் ஒன்று விபசாரத் தரகனாக வர வேண்டும், இல்லை வௌவாலாக வர வேண்டும், இது எத்தனை நாளைக்கு என்று கேட்டிருக்கிறது. நியாயமான கேள்வி. ஆனால் அம்மா பேரைச் சொல்கிற வௌவாலை இதற்கு முன் யார் பார்த்தார்கள்?

ஆகஸ்ட் 16, வியாழன்

அழகு நிலையத்தில் உட்கார இடமில்லை. முடி வெட்ட யாரும் வரவில்லை. என்னைத் திட்ட வருகிறார்கள். “ஏன்டீ உள்ள விட்ட?” “மேக்கன் ஆளுடீ, வேற என்ன செய்ய?” கறிக்கடையிலும் இதே வழக்கு. பேருந்தில் ஒருத்தி என் கழுத்தில் தழும்பு தேடினாள்.

கோயில் தரப்பில் மட்டும் சத்தமே இல்லை. செவ்வாய் மதியம் வேதபாடத்துக்குப் போதகர் வரவில்லையாம், நோயாளிகளைப் பார்க்கப் போனாராம். நேற்று ஜெபக்கூட்டத்தில் குரல் கம்மிக் கிடந்தது. தேனும் இஞ்சியும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், கையுறையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 24, வெள்ளி

இரண்டே வாரத்தில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். எங்கள் தெருவில் ஓடினால் போதுமா? மற்ற ஊர்களில் காற்று வாங்குகிறதாம். மூன்றாம் பாகம் கிடையாது. எனக்கு வருத்தமில்லை, நான்தான் செத்துவிட்டேனே.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

முதல் பாட்டு முடிகிற நேரம். ஊதாத் தொப்பி, கையால் தைத்த கச்சிதமான உடை, எழுபது வயதிருக்கும் — ஓர் அம்மாள் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, ஆறடி மூன்றங்குலம்.

ஒசெல்லா அவர்களைப் பின்வரிசைக்குக் காட்டினாள். அம்மாள் நகரவில்லை.

“எங்க ஆளுங்களைப் பத்தி விசாரிச்ச அந்தப் பொண்ணு எங்க? ஊர்க்காரங்க ஒன்பது பேர் எனக்கு போன் பண்ணிட்டாங்க. என் பேரை அத்தனை பேர் முன்னாடி சொன்னான்னாங்க. நானே போய்ப் பார்த்தேன். சொன்னான்.”

நான் என் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக எனக்கு உரிமை கிடையாது. மேடையிலிருந்து போதகர் கெய்தர் இறங்கி வந்தார். என் பக்கத்தில் நின்று கோட்டுப் பையில் கை விட்டார்.

“சிஸ்டர் வெர்னெட்டா, வந்தவங்களுக்கு இடம் காட்டுங்க. முன்வரிசையில.”

கையுறையை மாட்டிக்கொண்டு லுவெனியா டப்ஸின் கையைப் பிடித்து நடுப்பாதையில் நடந்தேன். யூலிஸ் பின்னால் வந்தான். சபை முழுக்க எழுந்து நின்றது.

வலது பெருவிரலில் மட்டும் ஏதோ பிசுபிசுத்தது. உட்கார்ந்த பிறகு பார்த்தேன். மஞ்சளாக ஒரு கறை. மோந்தும் பார்த்தேன்.

பாப்கார்ன் வெண்ணெய்.

துவைக்கப் போவதில்லை.