மண் படாத சப்பாத்து

ஒக்டோபர், ஞாயிறு இரவு.

மலையில் நடப்பதற்காக, வேலை செய்யும் வீட்டு எசமானி சின்யோராவிடம் கெஞ்சி லீவு எடுத்தேன். காலுக்குப் புதுச் சப்பாத்தும் வாங்கினேன். பலெர்மோவிலிருந்து மதோனியே மலைப் பூங்காவுக்குப் போய் இறங்கியதும், எங்களைக் கூட்டிவந்த ரவி அண்ணை காரிலிருந்து காஸ் அடுப்பையும் கூழ்ப் பானையையும் தூக்கி வெளியே வைத்தார்.

"முதல்லை கூழ் குடிப்பம் தங்கச்சி, பிறகு நடப்பம்."

கூழ் கொதித்து இறங்க இரண்டு மணி நேரம். குடித்துவிட்டு, கூட வந்த என் சிநேகிதி சுமதி பாயில் சாய்ந்துவிட்டாள்.

"மலை எங்கையடி ஓடப்போகுது? நீயும் வந்து படு."

"மலை ஓடாது, பொழுது ஓடுதே!" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. மஞ்சள் இலைகளைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தபடி பொழுதுபட வீடு திரும்பினேன்.

இப்போது துடைக்க எடுத்தால் சப்பாத்தில் ஒரு பொட்டு மண் இல்லை. கூழ்தான் சிந்தியிருக்கிறது. அதுவும் நான் மூன்றாம் தரம் வாங்கிக் குடித்தபோது.