காலி என்று நினைத்த துப்பாக்கி

ஜூன் 12, வியாழன்

நைனார்பாளையத்தில் காலையிலேயே ஒரு சினைப்பசு. கன்று குறுக்கே கிடந்தது. டாக்டர் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். போனில் அவர் சொல்லச் சொல்ல நானே கை விட்டுத் திருப்பி எடுத்தேன். கிடேரி. இரண்டும் நலம். இருபது வருடமாகக் கால்நடை மருந்தகத்தில் உதவியாளனாக இருக்கிறேன். இன்றைக்கும் கன்று எழுந்து நிற்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

அந்தச் சந்தோஷத்தோடு கள்ளக்குறிச்சி வீட்டுக்கு வந்து சேர்ந்தால் மகள் எழில்மதி ஒரு தாளை நீட்டினாள். பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளியில் என்.சி.சி. உளுந்தூர்பேட்டை ரோட்டில் இருக்கும் ஒரு ரைபிள் கிளப்பில் வரும் 22-ஆம் தேதி அறிமுக வகுப்பாம். வயது பதினேழு என்பதால் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

முடியாது என்றேன்.

“ஏன்பா?”

“முடியாதுன்னா முடியாது.”

என் மனைவி கமலா என்னைப் பார்த்தாள். நான் வெளியே போய்விட்டேன். எங்கே போவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டுத் திரும்பினேன்.

ஜூன் 13, வெள்ளி

எழில் அந்தத் தாளை டி.வி. மேல் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். ராத்திரியும் அங்கேயே இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

கமலாவும் எழிலும் கமலாவின் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். எழுதிப் பார்க்கிறேன். இதை எங்கேயும் எழுதியதில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம், கமலாவிடம்கூடச் சொன்னதில்லை.

1993. எனக்குப் பதினொரு வயது. கல்வராயன் மலையில் எங்கள் வீடு. அப்பாவிடம் நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. காட்டுப்பன்றி மரவள்ளியைத் தோண்டிப் போட்டுவிடும் என்று அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்தது. எப்போதும் சுவரில் மாட்டியிருக்கும்.

அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் மரவள்ளிக் கொல்லைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். நானும் சாலம்மாள் அக்காவும் மட்டும். அவளுக்குப் பதினான்கு. நான் முக்காலி மேல் ஏறித் துப்பாக்கியை எடுத்தேன். எதற்காக எடுத்தேன்? எவ்வளவு யோசித்தும் அது மட்டும் வரவில்லை. எடுத்தேன், வாசலுக்கு வந்தேன், சத்தம். அவ்வளவுதான். காலி என்று நினைத்தேன். சத்தியமாகக் காலி என்றுதான் நினைத்தேன்.

அக்காவின் இடது முழங்காலில் ரவைகள், சின்னச் சின்ன ஈயக் குண்டுகள்.

கேஸ் ஆகிவிடும் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. ஊர் வைத்தியர் எடுக்க முடிந்ததை எடுத்தார். பாறையிலிருந்து விழுந்தாள் என்று எல்லோரிடமும் சொன்னார்கள். அப்பா துப்பாக்கியை எங்கோ கொண்டுபோய்ப் போட்டார். அடுத்த மாதம் என்னை மலைக்குக் கீழே ஆஸ்டலில் சேர்த்துவிட்டார். அக்கா அன்றிலிருந்து காலை இழுத்துத்தான் நடக்கிறாள். கல்யாணம் தள்ளிப்போய் இருபத்தெட்டு வயதில்தான் நடந்தது.

முப்பத்திரண்டு வருடமாகத் திருவிழா, சாவு எல்லாவற்றிலும் அவளைப் பார்க்கிறேன். அந்த நாளைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் கால் தெரிகிறது. அதனால் தரையைப் பார்த்துப் பேசிவிட்டு வந்துவிடுகிறேன்.

என் பிள்ளை கையில் துப்பாக்கியா. எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

ஜூன் 18, புதன்

கமலாவிடம் சொல்லிவிட்டேன். காலையில் அவள் சட்னி தாளித்துக்கொண்டிருந்தபோது, வேறு ஏதோ பேச வந்து இதைச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

முழுதும் கேட்டுவிட்டு, “இத்தினி வருசமா பட்டாசுக்குப் பயந்துக்கினு உள்ள போய்ப் படுப்பீங்களே, அதுக்கா?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

எழுந்து அடுப்பை மறுபடி பற்றவைத்துக்கொண்டே சொன்னாள்: “நீங்களும் கூடப் போங்க. அங்க எப்டி வச்சிக்கினு இருக்காங்கன்னு கண்ணால பாருங்க. சரியில்லன்னா புள்ளயக் கூட்டிக்கினு வந்துருங்க. பாக்காமலே வேணாம்னா அது இன்னா நாயம்?”

மருந்தகத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம்.

ஜூன் 21, சனி

கையெழுத்துப் போட்டேன்.

கிளப்பின் பயிற்சியாளர் சுபலட்சுமி என்பவர் போன் செய்தார். இளம் குரல். மூடிய ஷூ போட வேண்டும், முடியை இறுக்கிக் கட்ட வேண்டும், கழுத்து மூடிய சட்டை, வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். கடைசியில், “கோடு ஒண்ணு போட்டிருப்போம் சார். பாக்க வர்றவங்க அதத் தாண்டக் கூடாது. தாண்டுனா யாரா இருந்தாலும் வெளிய அனுப்பிடுவேன்” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

பழைய கல்குவாரி ஒன்றை ஒட்டி இருக்கிறது இடம். எதிரே இரண்டு ஆள் உயரத்துக்கு மண்மேடு. அதன் முன்னால் இலக்குத் தாள்கள். இந்தப் பக்கம் கூரை போட்ட நீளக் கொட்டகை, வரிசையாக மேசைகள். சுடும்போது கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறுகிறது. மேசைகளுக்குப் பின்னால் மஞ்சள் கோடு. எங்களுக்கு அதற்கும் பின்னால் நாற்காலி. பிள்ளைகள் எட்டுப் பேர், பெற்றோர் ஐந்து பேர்.

சுபலட்சுமிக்கு முப்பது வயது இருக்கலாம். ஒல்லி. ஒரு மணி நேரம் துப்பாக்கியைக் கண்ணிலேயே காட்டவில்லை, பேச்சுதான். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே நினைக்க வேண்டும். குழல் எப்போதும் மண்மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். சுடப்போகும் நொடி வரை விரல் விசையில் போகக் கூடாது. யார் “ஸ்டாப்” என்று கத்தினாலும், சின்னப் பிள்ளை கத்தினாலும், எல்லோரும் நிறுத்த வேண்டும். ஒவ்வொருவரையும் திரும்பச் சொல்ல வைத்தார். எழில் ஒன்றை மறந்துவிட்டாள். முதலிலிருந்து சொல்ல வைத்தார்.

பிறகு இரும்பு அலமாரி பூட்டைத் திறந்து ரைபிள்களை எடுத்து வைத்தார்கள். ஒவ்வொன்றின் குண்டு போடும் வாயிலும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் துண்டு செருகியிருந்தது. உள்ளே எதுவும் இல்லை என்பதற்கு அடையாளம். இருந்தும் சுபலட்சுமி எடுத்துப் பார்த்தார். அவர் பார்த்ததை உதவியாளர் இன்னொரு முறை பார்த்தார்.

காதுக்கு மூடி கொடுத்தார்கள். கிளப் உறுப்பினர் ஒருவர் முதலில் தோட்டா ரைபிளில் சுட்டுக் காட்டினார். அந்தச் சத்தம். மூடி போட்டும் கேட்டது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது சத்தம். மூன்றாவது. ஒன்றும் ஆகவில்லை. சத்தம் வந்தால் யாராவது விழுவார்கள் என்றே முப்பத்திரண்டு வருடம் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. யாரும் விழவில்லை. தாளில் ஓட்டைதான் விழுந்தது.

எழில் ஏர் ரைபிளில் பத்துச் சுட்டாள். ஒரு தாள் முடிந்ததும் துப்பாக்கிகளை மேசையில் வைத்து, ஆரஞ்சுத் துண்டைச் செருகி, எல்லோரும் பின்னால் நகர்ந்த பிறகுதான் தாள் மாற்ற முன்னால் போக விட்டார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. பிள்ளைகள் எட்டுப் பேரும் இலக்குப் பக்கம் நிற்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவனின் அப்பா எழுந்து கோட்டைத் தாண்டிப் போய், மேசையிலிருந்த ரைபிளைத் தூக்கித் தோளில் வைத்தார். இன்னொரு கையில் செல்போன். போட்டோவுக்காம். குழல் நேராகப் பிள்ளைகள் பக்கம்.

நான் கத்தியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

“ஸ்டாப்.”

கத்தியது சுபலட்சுமி. ஓடவில்லை. நடந்து வந்து குழலை மேலே தூக்கிப் பிடித்து ரைபிளை வாங்கி மேசையில் வைத்தார்.

“காலிதான் மேடம். ஆரஞ்சுத் துண்டு சொருகிக்கினு இருக்குது, நீங்களே பாருங்க” என்றார் அவர்.

“காலியா இல்லையான்னு நான் கேக்கல சார். முன்னாடி புள்ளைங்க நிக்கிறாங்க. வெளிய போங்க.”

“இதுக்குப் போயா...”

“போங்க சார். உங்க பையன் இருக்கலாம். நீங்க இருக்கக் கூடாது.”

போனார். கேட்டை அவரே சாத்திக்கொண்டார்.

நான் அப்புறம் நாற்காலியை விட்டு எழவே இல்லை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் டீ குடிக்கும்போது சுபலட்சுமி தண்ணீர் பாட்டிலோடு வந்தார். “எழில்மதி அப்பாதான? பயந்துட்டீங்களா?”

நான் கேட்டேன், எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை: “இங்க ஒரு சின்னப் புள்ள கையில தவறி வெடிச்சிடுச்சின்னா, யார் தப்பு மேடம்?”

“என் தப்பு சார்.”

“புள்ள தான சுட்டுது?”

“புள்ள கைக்கு எட்டற மாதிரி வச்சது யாரு? காலி பண்ணாம வச்சது யாரு? பூட்டறதும் காலி பண்றதும் பெரியவங்க வேல. அத செய்யாம புள்ளயக் கேட்டா இன்னா அர்த்தம்?”

“சின்னப் புள்ளன்னா எவ்ளோ வயசு வரிக்கும்?” என்றேன். “பதினொண்ணு?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பதினொண்ணுன்னா கேக்கவே வேணாம் சார்” என்றார் மெதுவாக.

கிளம்பும் முன், ஒரு ரைபிளைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டேன். காட்டினார். குனிந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. சுட்டுப் பார்க்கிறீர்களா என்றார். “அடுத்த தடவை பாக்கலாம்” என்றேன். அடுத்த தடவை என்று என் வாயில் எப்படி வந்தது?

பஸ்ஸில் எழில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பத்தில் நான்கு தாளிலேயே படவில்லையாம். மீதி ஆறும் பட்டதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் 23, திங்கள்

வழக்கமாக நான்கு மணிக்கே முழித்துக்கொள்பவன், ஏழு மணி வரை தூங்கியிருக்கிறேன். கமலா எழுப்பவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

மலைக்குப் போனேன். தனியாக. வெள்ளிமலை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அக்கா மரவள்ளிக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தாள். மாமா முருகவேல் உழவுக்கு ஆள் பார்க்கப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும், “இன்னாடா, யாருக்கு இன்னா ஆச்சு?” என்றாள். சும்மா வந்தேன் என்றால் நம்பவில்லை.

வரப்பில் உட்கார்ந்தோம். இடது காலை அவள் தன் கையால் தூக்கி நீட்டி வைத்தாள். இந்த முறை அந்தக் காலைப் பார்த்தேன்.

“அக்கா, நான்தான உன்னச் சுட்டேன்” என்றேன். மூன்று நாளாகச் சேர்த்துவைத்த பேச்சு எல்லாம் போய் இதுதான் வந்தது.

அவள் கையிலிருந்த களையைக் கீழே போட்டாள்.

“நீ எங்கடா சுட்ட?” என்றாள். “எடுடா எடுடான்னு கத்துனது நான்தான?”

எனக்குப் புரியவில்லை.

“கீரி கோழியக் கவ்விக்கினு ஓடுச்சி. நான் வாசல்ல நின்னுக்கினு, பொன்னுரங்கம், துப்பாக்கிய எடுத்தாந்து காட்டுடா, பயந்து வுட்டுட்டுப் போவும்னு கத்துனேன். நீ மாட்டேன்னுதான் சொன்ன. அப்பா அடிப்பாருன்ன. நான்தான் முக்காலியத் தூக்கிப் போட்டேன். உனுக்கு நெனப்பு இல்லியா?”

இல்லை. கீரி இல்லை, கோழி இல்லை, முக்காலியை யார் போட்டது என்பதும் இல்லை. சத்தம் மட்டும்தான் இருந்தது.

“நான் சொன்னதாலதான் ஆச்சுன்னு அப்பாகிட்ட நான் சொல்லவே இல்லடா. பயம். உன்ன ஆஸ்டலுக்கு அனுப்பிட்டாரு. நீ அழுதுக்கினே போன. என்னாலதான் வூட்ட வுட்டுத் தொரத்திட்டாங்கன்னு... அதுக்கப்பறம் நீ மலைக்கு வந்தாலும் என் மூஞ்சியப் பாக்கவே மாட்ட. கோவம்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

“கோவமா? எனுக்கா?”

“பின்ன?”

நான் அழுதேன். அவளும். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரெண்டு கெழடுங்க கொல்லையில குந்திக்கினு அழுவுது பாரு” என்றாள்.

சுபலட்சுமி சொன்னதை அவளுக்குச் சொன்னேன். அப்படிப் பார்த்தால் நிரப்பி மாட்டி வைத்தவர் அப்பா என்பதையும். அவள் களையை மறுபடி கையில் எடுத்தாள். “அவருக்கும் தெரிஞ்சிருக்கும்டா. சாவற வரிக்கும் என் காலப் பாத்தா எழுந்து போயிடுவாரு.”

மூன்று பேரும் ஒரே குடும்பத்தில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

மதியம் சாமைச் சோறும் புளிக்குழம்பும். மூன்று முறை போட்டுக்கொண்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

எழிலிடம் கமலாவே சொல்லிவிட்டாள். எழில் ராத்திரிச் சாப்பாட்டில் என் தட்டில் அப்பளம் இரண்டு வைத்தாள்.

ஜூலை 16, புதன்

பேச்சு திறந்ததும்தான் தெரிகிறது, அக்காவின் காலை இதுவரை எந்த டாக்டரும் பார்த்ததே இல்லை. காட்டினால் எப்படி ஆச்சு என்று கேட்பார்களே என்று, அக்கா வலியோடே இருந்திருக்கிறாள். குளிர் காலத்தில் எழுந்திருக்கவே முடியாதாம்.

லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயில் ஐந்து வெள்ளைப் புள்ளிகள். டாக்டர் எப்படி ஆச்சு என்றார்.

“துப்பாக்கி வெடிச்சிடுச்சி சார்” என்றாள் அக்கா. சாதாரணமாக, மழை பெய்தது என்பது மாதிரி. “இவன் அப்ப சின்னப் பையன்.”

ரவை இருந்துவிட்டுப் போகட்டும், தொந்தரவு இல்லை என்றார். முழங்கால் மடக்க உடற்பயிற்சி. இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. அந்தப் பக்கம் உயரம் வைத்த செருப்பு போட்டால் இழுப்பு குறையும், இடுப்பு வலியும் போகும். செருப்புக்கு அளவு எடுத்துக்கொண்டார்கள். ஒரு செருப்பு. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 13, புதன்

செருப்பு வந்துவிட்டது. அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து பார்த்தாள். முதலில் இரண்டு முறை தடுமாறினாள். “ஒசரம் ஜாஸ்தியா இருக்குதுடா” என்றாள். நான்காவது நடையில் தடுமாற்றம் இல்லை. திரும்பி இன்னும் ஒரு முறை நடந்தாள்.

ஆட்டோ கூப்பிட்டேன். வேண்டாம் என்றாள். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தோம். வழியில் வெற்றிலை வாங்கினாள், எழிலுக்கு ரிப்பன் வாங்கினாள். எழில் ரிப்பன் கட்டி எவ்வளவோ நாளாகிறது, நான் சொல்லவில்லை.

வெள்ளிமலை பஸ். படியில் ஏற்றிவிடக் கையை நீட்டினேன். அவள் பையை என் கையில் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துத் தானே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையை உள்ளே நீட்டினேன்.

“புள்ள மறுபடி எப்ப சுடப் போவுது?”

“வர்ற ஞாயித்துக்கெழம.”

“நானும் வந்து பாக்கறேன்.”

“சத்தம் ஜாஸ்தியா இருக்கும்க்கா.”

“இருக்கட்டும்” என்றாள். பஸ் எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சுபலட்சுமிக்குச் செய்தி அனுப்பினேன்: ஞாயிறு எழில்மதியோடு பார்க்க இரண்டு பேர் வருகிறோம். மூடிய ஷூ ஒருவருக்கு இருக்காது, புதுச் செருப்பு, பரவாயில்லையா?

பரவாயில்லை, கோட்டுக்குப் பின்னால் உட்காரட்டும் என்று பதில் வந்திருக்கிறது.